உப்பு வயலுக்குக் குளுக்கோஸ்

கோக்யாப், பிப்ரவரி 19

மத்நஸர்,

நலம் விசாரிக்க இந்தக் கடிதம் இல்லை. உன் நம்பரை என் போனில் அடைத்துவிட்டேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அப்பா இறந்து வருஷம் ஆனதற்குப் போட்ட சாப்பாட்டில், ஊரே உட்கார்ந்து புலாவ் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அக்காவுக்குத் தண்ணியக் கொட்ட மட்டும்தான் தெரியும்" என்று சொன்னாயே, அந்தக் குரல் இனி என் காதில் விழ வேண்டாம். சொல்ல ஏதாவது இருந்தால் எழுதி, வேன் ஓட்டுகிற ஓமானிடம் கொடுத்துவிடு. வாரம் ஒருமுறை தாஷ்கண்ட் வருகிறான்.

இப்போது ஊரில் உப்புக் கழுவுகிற காலம். நீ மறந்திருக்கலாம். எல்லார் வயலிலும் கட்டம் கட்டமாக வரப்புப் போட்டுத் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்கள். நம் மேல்துண்டிலும் நிறுத்திவிட்டேன். கீழ்த்துண்டுக்கு மடை திறக்கப் போனால், தண்ணீர் முறை பார்க்கிற ரஜப் மண்வெட்டியைக் குறுக்கே போட்டுக்கொண்டு நிற்கிறார்.

"கீழ்த்துண்டுக்குக் கழுவுற தண்ணி வேணாம்னு உன் தம்பி எழுதிக் குடுத்துட்டானே யாகுத். குழாய் போடப் போறீங்களாமே?"

"என்னக் கேக்காம எழுதினது செல்லாது."

"செல்லும்மா. நெலம் ரெண்டு பேர் பேர்லயும்தானே கெடக்கு."

பக்கத்து வயல் சாபிர் வரப்பில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் எல்லா வயலும் தண்ணீரோடு கிடக்கிறது, நம் கீழ்த்துண்டு மட்டும் பொரிந்துபோன உதடு மாதிரி வறண்டு கிடக்கிறது. இந்த மண்ணில் பனிக்காலம் முடியும் முன் உப்பைக் கீழே இறக்காமல் யாராவது விதைத்திருக்கிறார்களா? நீ படித்த புத்தகத்தை எழுதியவன் என்றைக்காவது இந்த மண்ணை நக்கிப் பார்த்திருக்கிறானா?

உடனே ரஜப்புக்கு மாற்றி எழுதிக் கொடு.

யாகுத்


தாஷ்கண்ட், பிப்ரவரி 28

அக்கா,

உங்கள் கடிதத்தைக் கொடுக்கும்போதே ஓமான் சிரித்தான். உறையில் போடும் முன் அவனுக்கும் வாசித்துக் காட்டினீர்களோ என்னவோ.

மாற்றி எழுதிக் கொடுக்க மாட்டேன். போன ஜூலையை நீங்கள் மறந்துவிட்டீர்கள், நான் மறக்கவில்லை. வாய்க்காலின் வால் நுனியில் நாம் இருக்கிறோம். மேலே உள்ளவன் வயல் குடித்து, அவன் மாடு குடித்து, மிச்சம் இருந்தால்தான் நமக்கு. பருத்தி காய் பிடிக்கிற நேரத்தில் வாய்க்கால் தரை வெடித்துக் கிடந்தது. நீங்கள் மடையருகே உட்கார்ந்து ரஜப்பைத் திட்டினீர்கள். திட்டினால் தண்ணீர் வருமா? மலையில் பனியே குறைந்துகொண்டு வருகிறது, ஆற்றில் வருஷா வருஷம் தண்ணீர் இறங்குகிறது. அதற்கு ரஜப் என்ன செய்வார்?

இலையுதிர்காலத்தில் நிலக் கமிட்டி வரும். இரண்டு வருஷம் தொடர்ந்து விளையாத குத்தகை நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். போன வருஷம் விளையவில்லை. இந்த வருஷமும் விளையாவிட்டால் அப்பா ஆயுள் முழுக்கக் கட்டிக் காத்த நிலம் நம் கையை விட்டுப் போய்விடும். இதை உங்களிடம் எத்தனை விதமாகச் சொன்னேன்!

குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வேருக்கே போகும். பாதித் தண்ணீர் போதும். கீழ்த்துண்டு ஓரத்துக் குட்டையை நிரப்பி வைத்துக்கொண்டால் வாய்க்காலைக் கும்பிட வேண்டாம். வேரைச் சுற்றி ஈரம் இருக்கும்வரை உப்பு ஓரமாக ஒதுங்கி நிற்கும், கழுவ வேண்டியதில்லை. மேல்துண்டை உங்கள் இஷ்டப்படி செய்துகொள்ளுங்கள். கீழ்த்துண்டை எனக்கு விடுங்கள். அடுத்த மாதம் எங்கள் குழாய்க் கம்பெனி ஆட்கள் வருவார்கள். அவர்களுக்குத் தேநீராவது கொடுங்கள்.

சின்ன வயசிலிருந்து நான் எதைக் கொண்டுவந்தாலும் அது உங்களுக்குக் குப்பைதான். இதுவும் அப்படியே இருக்கட்டும்.

மத்நஸர்


கோக்யாப், மே 6

மத்நஸர்,

முளைத்துவிட்டது. இதை எழுத எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

உன் ஆட்கள் கறுப்புக் குழாயை வரிசை வரிசையாகப் போட்டுவிட்டு, எனக்குத் திறக்கவும் அடைக்கவும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தேநீர் கொடுத்தேன், ரொட்டியும் கொடுத்தேன். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அவர்கள் சொன்னபடி காலையில் திறந்து வெயில் இறங்கும்போது அடைக்கிறேன். மேல்துண்டை விடக் கீழ்த்துண்டில் பருத்தி சீராக முளைத்திருக்கிறது. அதற்காகத் துள்ளிக் குதிக்காதே. முளைப்பது வேறு, காய்ப்பது வேறு.

ஊரில் நம் கீழ்த்துண்டுக்கு ஆஸ்பத்திரி வயல் என்று பேர் வைத்தாயிற்று. நேற்று சாபிர் வரப்பில் நின்றுகொண்டு, "என்ன யாகுத், வயலுக்குக் குளுக்கோஸ் ஏத்துறியா? ஆப்பிள் வாங்கிட்டு வந்து பாக்கணுமா?" என்றான்.

"வா, உனக்கும் ஒரு ஊசி போட்டு அனுப்புறேன்" என்றேன்.

அவனுக்குப் பதில் சொல்லிவிட்டேன். எனக்கு நீ பதில் சொல். இரண்டு வரிசைகளுக்கு நடுவே மண் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், ஊறுகாய் ஜாடி அடியில் இருக்கிற உப்பு மாதிரி கரித்தது. வாய்க்கால் தண்ணீர் உப்பைக் கீழே தள்ளிக்கொண்டு போகும். உன் குழாய் அதைக் கீழே தள்ளவில்லை, செடிக்குப் பக்கத்தில் குவித்து வைத்திருக்கிறது. அது ஒருநாள் உள்ளே வராதா? வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

தெளிவாக எழுது. நான் கிறுக்கி என்று நினைத்துக்கொண்டு எழுதாதே.

யாகுத்


தாஷ்கண்ட், மே 12

அக்கா,

உங்களுக்கு எரிச்சல், எனக்குச் சந்தோஷம். இரண்டும் சேர்ந்து பருத்தி வளரட்டும்.

வெள்ளையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அது ஓரத்தில்தான் நிற்கும். வேரில் ஈரம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாதக் கடைசியில் எங்கள் கம்பெனி மேலாளர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வயலைப் பார்க்க வருகிறார். போட்டோ எடுப்பார்கள். தயவுசெய்து அந்த அழுக்குப் பஞ்சுக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள், நல்ல தலைத்துணி கட்டுங்கள். கேட்டால் "குழாய் நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லுங்கள். உப்பு, ஆஸ்பத்திரி, சாபிர் கதையெல்லாம் வேண்டாம். இது நானே முன்னின்று போட்ட முதல் வயல்.

போனைத் திறங்கள். ஒரு கேள்விக்குப் பதில் வர ஒரு வாரம் ஆகிறது. பயிருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

மத்நஸர்


கோக்யாப், மே 24

மத்நஸர்,

உன் மேலாளரை வர வேண்டாம் என்று சொல்லிவிடு. காட்டுவதற்கு வயல் இல்லை.

போன வாரம் மழை பெய்தது. மே மாதத்தில், இந்த ஊரில், இரண்டு நாள் மழை. ஜனங்கள் வீட்டை விட்டு வெளியே வந்து நனைந்துகொண்டு நின்றார்கள். சாபிர் தொப்பியைக் கழற்றிவிட்டு வானத்தைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போய்க் குழாயை அடைத்தேன்.

ஏன் அடைத்தாய் என்று கேட்பாய். கேட்காதே. கோப்பையில் மிஞ்சிய தேநீரைக்கூட வாசலில் கொட்டாமல் மரத்தடியில் கொண்டுபோய் ஊற்றுகிற ஊர் இது. மேலே இருந்து தண்ணீர் கொட்டும்போது கீழேயும் தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்க யாருக்குக் கை வரும்? பாவம் என்று நினைத்தேன். குட்டைத் தண்ணீர் மிச்சமாயிற்று என்றும் நினைத்தேன்.

மழை விட்டதும் வயலுக்குப் போனேன். அந்த வெள்ளை இல்லை. கரைந்துபோய்விட்டது. கழுவாத உப்பை வானமே கழுவிவிட்டது என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வெயில் வந்தது. மறுநாள் இலை ஓரமெல்லாம் பொசுங்கினாற்போல் ஆயிற்று. அதற்கடுத்த நாள் மொத்தமும் படுத்துவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாக இருக்கிறது.

அதே மழைதான் மேல்துண்டிலும் பெய்தது. அங்கே ஒரு இலை வாடவில்லை. கழுவின மண்ணில் மழை மழையாக இருந்தது, உன் மண்ணில் விஷமாக இறங்கிற்று. பிப்ரவரியில் நான் சொன்னேனா இல்லையா?

சாபிர் வந்து பார்த்தான். "நோயாளி போயிட்டானா?" என்று கேட்டான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

யாகுத்


தாஷ்கண்ட், மே 30

அக்கா,

அடைத்தீர்களா? மழையில் அடைத்தீர்களா?

மழை பெய்யும்போதுதான் குழாய் கண்டிப்பாகத் திறந்திருக்க வேண்டும். ஓரத்தில் நிற்கிற உப்பை மழை வேர்ப் பக்கம் தள்ளும். உள்ளேயிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் அது வெளியே நிற்கும். இது எங்கள் பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக் கொடுப்பது.

தொலைக்காட்சியில் நம் கோரெஸ்ம் பக்கம் மழை என்று சொன்னதும் நான் போனை எடுத்தேன். உங்களுக்குத்தான் அடித்தேன். வேலைக்கு நடுவே, பேருந்தில், தெருவில் நின்றுகொண்டு அடித்தேன். அடைத்து வைத்த போனில் எத்தனை தடவை அடித்தால் என்ன? நீங்கள் முதலில் என் குரலை அடைத்தீர்கள், பிறகு குழாயை அடைத்தீர்கள். வயலைக் கொன்றது உப்பு இல்லை, உங்கள் வீம்பு. சில சமயம் வேண்டுமென்றே செய்தீர்களோ என்றுகூடத் தோன்றுகிறது. தம்பி தோற்றான் என்று ஊருக்குக் காட்ட உங்களுக்கு ஒரு வயல் செத்தால் போதாதா?

மேலாளர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். என் தப்பு என்றால் வேலை போய்விடும். ஒரே வழிதான் இருக்கிறது. "விவரம் தெரியாமல் நானே அடைத்துவிட்டேன், குழாய் மேல் குறை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஓமானிடம் கொடுத்துவிடுங்கள். கமிட்டிக்கும் அதையே சொல்லுங்கள். வெறும் காகிதம்தானே.

மத்நஸர்


கோக்யாப், ஜூன் 6

மத்நஸர்,

நீங்கள் நீங்கள் என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே கழுத்தை அறுக்க உன்னால் மட்டும்தான் முடியும்.

கையெழுத்துப் போட மாட்டேன். நான் அடைத்தது உண்மை. அடைக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லாததும் உண்மை. வெள்ளை உள்ளே வந்தால் என்ன செய்ய என்று மே மாதமே எழுதிக் கேட்டேன். நீ தலைத்துணியைப் பற்றி எழுதினாய்.

போனை அடைத்தது நான்தான், சரி. சாபிரின் நம்பர் உன்னிடம் இல்லையா? ரஜப்பின் நம்பர்? ஓமானின் நம்பர்? "அக்காகிட்டப் போய்க் குழாயத் தொறக்கச் சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை போதுமே. ஏன் சொல்லவில்லை என்று நான் சொல்லட்டுமா? மழையில் தண்ணீர் விடச் சொல்கிறான் பார் பைத்தியம் என்று சாபிர் சிரிப்பான். ஊரே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து, உனக்கு விஷயம் தெரிந்தும், பேருந்தில் உட்கார்ந்துகொண்டு அடைத்த நம்பரையே தட்டிக்கொண்டிருந்தாய். என் வீம்பைப் பற்றி நீ எழுதுகிறாய்!

பயிர் போன பிறகு இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். பிறகு எழுந்து ரஜப்பிடம் போனேன்.

"மேல்துண்டுக்கு வர்ற முறைத் தண்ணியக் கீழ்த்துண்டுக்குத் திருப்புங்க. கழுவணும்."

"ஜூன் மாசத்துல உப்புக் கழுவுறியா? ஒனக்கு என்ன ஆச்சு? மேல்துண்டு தாகத்துல நிக்கும்டீ."

"நிக்கட்டும். அது தெம்பா இருக்கு. இது சாகுது."

கால் கடுக்க நின்று வரப்புப் போட்டு, தண்ணீர் நிறுத்தி, உப்பை இறக்கினேன். சாபிரின் மனைவியும் ஒரு மண்வெட்டியோடு வந்தாள். இப்போது வெள்ளைச் சோளம் விதைத்திருக்கிறேன். பருத்திக்குக் காலம் கடந்துவிட்டது, சோளம் கொஞ்சம் உப்பைத் தாங்கும்.

வரப்புப் போடும் முன் உன் குழாயையெல்லாம் சுருட்டி எடுத்தேன், எரிக்கத்தான். எரிக்கவில்லை. விதைத்த பிறகு திரும்பப் போட்டிருக்கிறேன். ஏன் என்று கேட்டு எழுதாதே.

யாகுத்


தாஷ்கண்ட், ஆகஸ்ட் 9

அக்கா,

நீங்கள் கையெழுத்துப் போடவில்லை, என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இப்போது சந்தையில் தர்பூசணி இறக்குகிறேன். நம் ஊரிலிருந்தும் லாரி வருகிறது. தெரிந்த முகம் இறங்கினால் நான் மூட்டைக்குப் பின்னால் போய்விடுகிறேன்.

வாய்க்கால் இந்த ஜூலையிலும் வறண்டுவிட்டதாக ஓமான் சொன்னான். மேல்துண்டில் பருத்தி காய்க்காமலே காய்ந்து நிற்கிறதாமே. ஒரு முறைத் தண்ணீரைக் கீழே திருப்பியதால்தான் அது கெட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். அதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

சோளம் எப்படி இருக்கிறது என்று அவனிடம் கேட்டேன். "அக்காகிட்டயே கேளு" என்று சொல்லிவிட்டு ரொட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். ரொட்டி நீங்கள் கொடுத்துவிட்டதா? அவன் அதையும் சொல்லவில்லை.

பம்புப் பக்கத்தில் சல்லடை மாதிரி ஒன்று இருக்கும். அதைக் கழற்றி அடிக்கடி கழுவுங்கள், இல்லாவிட்டால் சேறு அடைத்துக்கொள்ளும். மழை வந்தால் திறந்தே வையுங்கள்.

மத்நஸர்


கோக்யாப், அக்டோபர் 17

மத்நஸர்,

கமிட்டி வந்துவிட்டுப் போயிற்று. நடந்ததை மற்றவர்கள் திரித்துச் சொல்வதற்கு முன் நானே எழுதுகிறேன்.

மூன்று பேர் வந்தார்கள். மேல்துண்டில் நின்று பார்த்தார்கள். பருத்தி முழங்கால் உயரம்கூட இல்லை, காய் பேருக்கு இருக்கிறது. கீழ்த்துண்டுக்கு வந்தார்கள். சோளம் ஆள் உயரத்துக்கு மேலே, கதிர் வெள்ளை வெளேரென்று தலை சாய்த்து நிற்கிறது. குட்டைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டே காப்பாற்றினேன். பருத்தி போட்ட இடத்தில் சோளமா என்று ஒருவர் முகம் சுளித்தார். பருத்தி எப்படிப் போயிற்று, குழாயை அடைத்தது யார் என்று தலைவர் கேட்டார்.

"அடச்சது நான். அடைக்கக் கூடாதுன்னு சொல்லாதது என் தம்பி. ரெண்டையும் எழுதிக்கோங்க" என்றேன்.

அவர் எதையும் எழுதவில்லை. மற்ற இருவரோடும் தள்ளி நின்று பேசிவிட்டு வந்தார்.

"மேல விளையல, கீழ பருத்தி இல்ல. ரெண்டு துண்டையும் விட்டுவைக்க முடியாதும்மா. ஒண்ணு வெச்சுக்கலாம். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என்ன சொல்வேன் என்று அவர்களுக்குத் தெரியும் என்ற நினைப்பு. வாய்க்கால் கரையில் இருப்பது மேல்துண்டு. நல்ல மண் அது. அப்பா நட்ட மல்பெரி மரங்கள் அதன் ஓரத்தில்தான் நிற்கின்றன.

"மேல்துண்ட எடுத்துக்கோங்க" என்றேன்.

சாபிர் பதறிப்போய், "யாகுத், புத்தி கித்தி கெட்டுப்போச்சா? அந்த உப்புக்காட்டையா வெச்சுக்கப் போற?" என்றான்.

தலைவர் சிரித்தார். "அப்ப, குழாய்தான் நல்லதுங்கிறீங்களா?"

"நல்லதுன்னு நான் சொல்லல. அதுக்கு ஒரு கெட்ட கொணம் இருக்கு, அத ஒரு வயலக் குடுத்துக் கத்துக்கிட்டேன். வாய்க்காலோட கொணம் இனிமே யாருக்குத் தெரியும்? அதுல தண்ணி வருமா வராதான்னு ரஜப்புக்கே தெரியாது."

ரஜப் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், அவரை நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

அவர்கள் போன பிறகு மல்பெரி மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். அப்பா இருந்திருந்தால் என்னை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார். உன்னையும்தான். நீ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. கழுவாமல் உன் குழாய் ஒரு மழைகூடத் தாங்கவில்லை. கழுவிய பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. உன்னை வேலையிலிருந்து நிறுத்தியதற்கு நான் வருத்தப்படவும் இல்லை. மூட்டைக்குப் பின்னால் ஒளிகிறாய் என்று படித்ததற்குத்தான் வருத்தப்பட்டேன். நம் ஊர்க்காரனைப் பார்த்து நீ எதற்கு ஒளிய வேண்டும்?

பிப்ரவரியில் கீழ்த்துண்டைக் கழுவ வேண்டும். தண்ணீருக்கு ரஜப்பிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். வரப்புப் போட எனக்கு ஒரு ஆள் குறைகிறது. வந்து மண்வெட்டியைப் பிடி. கோட்டைக் கழற்றிவிட்டு வா, அழுக்குப் பஞ்சுக் கோட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது.

ரொட்டி நான் சுட்டதுதான். தந்தூர் அடுப்பில் மிஞ்சிப்போயிற்று, அதனால் கொடுத்துவிட்டேன்.

உன் நம்பரைப் போனில் திறந்துவிட்டேன். நலம் விசாரிக்க இல்லை, நியாயம் பேசவும் இல்லை. மழைக்கு மட்டும்.

யாகுத்